கடற்படை அடிப்படைப் பயிற்சி: வாசலில் நுழைவது முதல் கப்பலில் முதல் வாட்ச் வரை

கடற்படைக்குத் தேர்வாகிறவர்கள் ஓட்டம், புஷ்-அப், சிட்-அப் என்று உடம்பைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் முதல் இரண்டு வாரங்களில் ஆளைச் சாய்ப்பவை வேறு: தூக்கம் போதாமை, கால் கொப்புளம், தண்ணீர் பயம், ‘சட்டையை இப்படி மடித்தால் என்ன, அப்படி மடித்தால் என்ன’ என்ற எரிச்சல். இதில் எரிச்சல்தான் ரொம்பக் கெடுதல். பயிற்சிப் பள்ளியில் அர்த்தமில்லாததாகத் தெரிகிற பெரும்பாலான விதிகளுக்குக் கப்பலில் ஒரு காரணம் உண்டு. அது தெரிந்தால் பாதிச் சுமை குறையும்.

அமெரிக்கக் கடற்படையின் மாலுமிகள் எல்லோரும் இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்ஸில்தான் தொடங்குகிறார்கள். பிரிட்டனுக்கு கார்ன்வாலில் உள்ள எச்.எம்.எஸ். ராலே, இந்தியாவுக்கு ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்கா. காலம் நாட்டுக்கு நாடு மாறும். சுமார் 9 வாரத்திலிருந்து நான்கு மாதம்வரை. பாடம் ஏறத்தாழ ஒன்றேதான்: ஒழுங்கு, டிரில் (அணிவகுப்புப் பயிற்சி), நீச்சல், கயிறு, தீயணைப்பு, சேதக் கட்டுப்பாடு, ஆயுதம், முதலுதவி.

சேர்வதற்கு முன் எட்டு வாரம்

நீச்சலில் தொடங்குங்கள். ஓட்டத்தை உள்ளே போயும் தேற்றிக்கொள்ளலாம், தண்ணீர் பயத்தைச் சில வாரங்களில் போக்குவது கடினம். அமெரிக்கக் கடற்படையின் மூன்றாம் வகுப்பு நீச்சல் தேர்வை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: உயரத்திலிருந்து ஆழமான நீரில் குதிப்பது, 50 கெஜம் நீந்துவது, குப்புற மிதந்தபடி 5 நிமிடம் தாக்குப்பிடிப்பது, உடுத்திய துணியைக் காற்றடைத்து மிதவையாக்குவது. வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. பலரும் தோற்பது மிதப்பதில்தான். பயத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பு அமிழும், இடுப்பு அமிழ்ந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் தலை இன்னும் மேலே வரப் பார்க்கும். முகத்தை நீருக்குள் விட்டு, நுரையீரல் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் தலையைத் தூக்கி மூச்செடுக்கப் பழகுங்கள்.

ஓட்டம் வாரம் மூன்று நாள் போதும். வாராந்தர தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். கடைசி மாதத்தில் அவசரமாக இரட்டிப்பாக்குகிறவர்கள் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலியோடு வந்து சேர்கிறார்கள். அது பயிற்சியில் அழுத்த முறிவாக மாறினால் பின்னால் வரும் அணிக்குத் தள்ளிவிடுவார்கள். பூட்ஸ் போட்டு ஓடிப் பார்க்கவே வேண்டாம்.

கடைசி மூன்று வாரம் இரவு 2200க்குப் படுத்து 0530க்கு எழுங்கள். 24 மணி நேரக் கணக்கு, ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் ஒலிப்பெயர் எழுத்துகள், பதவிச் சின்னங்கள் ஆகியவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோய், அறுவை சிகிச்சை எதையும் மருத்துவப் பரிசோதனையில் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் நோயைவிட மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும்.

முதல் வாரம்: முடி, ஊசி, கிட்

முடிவெட்டு, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, கண், பல், பிறகு கிட், அதாவது சீருடை, பூட்ஸ் முதலான உடைமைகள் வழங்கல். இதில் நீங்கள் முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று, பூட்ஸ் அளவு. வரிசை வேகமாக நகரும், பின்னால் நிற்கிறவர் அவசரப்படுத்துவார், ஆனாலும் வழங்கிய காலுறையைப் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நடக்கும்போது குதிகால் மேலே எழக் கூடாது. நாள் முழுக்க நின்றால் பாதம் வீங்கும் என்பதால் காலையில் இறுக்கமாக இருக்கிற பூட்ஸ் மாலையில் வதைக்கும். கொப்புளம் வருமுன் அந்த இடம் சூடாகத் தெரியும். அப்போதே டேப் ஒட்டுங்கள்.

கிட் எல்லாவற்றிலும் பெயரும் எண்ணும் குறிப்பீர்கள். பிறகு மடிப்பது. எல்லோருக்கும் ஒரே அகலம், ஒரே வரிசை. மாலுமிக்குக் கப்பலில் கிடைப்பது ஒரு சிறிய லாக்கரும் படுக்கைக்குக் கீழே ஒரு பெட்டியும்தான். மடிக்காமல் போட்டால் பாதி வெளியே நிற்கும். வெளியே கிடக்கிற ஒரு டி-ஷர்ட், அறையில் வெள்ளம் புகுந்தால் பம்பின் உறிஞ்சுவாயை அடைத்துவிடும். இருட்டில் விளக்கு இல்லாமல் உடுத்த வேண்டிய நேரத்தில் காலுறை எங்கே என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வில் அங்குலக் கணக்கு பார்ப்பதற்குப் பின்னால் இருப்பது இதுதான், அதிகாரி கொஞ்சம் மிகையாகக் கத்துவார் என்பது வேறு விஷயம்.

ஆணையைத் திருப்பிச் சொல்வதும் இந்த வாரத்தில் தொடங்கும். ‘ஆமாம் சார்’ போதாது. சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். கப்பலின் பாலத்தில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேடையில், அதிகாரி ‘ஸ்டார்போர்ட் 15’ (வலப்பக்கம் 15 பாகை) என்றால் சுக்கான் பிடிப்பவர் ‘ஸ்டார்போர்ட் 15’ என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவார். சுக்கான் அந்தக் கோணத்துக்கு வந்ததும் மறுபடி அறிவிப்பார். காற்றிலும் இரைச்சலிலும் 15 என்பது 50 ஆகக் கேட்டிருந்தால் அது வெளிப்படுவது அந்த ஒரு விநாடியில்தான்.

ஒரு நாள் எப்படிப் போகும்

பள்ளிக்குப் பள்ளி மாறினாலும் சட்டகம் ஒன்றுதான். 0500 அல்லது 0530க்கு எழுப்பல், உடற்பயிற்சி, குளியல், படுக்கை சரிசெய்தல், காலை உணவு, 0800க்குக் கொடியேற்றம். முற்பகல் வகுப்பு அல்லது டிரில், பிற்பகல் செய்முறை, மாலை விளையாட்டு, இரவு துணி தேய்ப்பதும் பூட்ஸ் பாலிஷும், 2200க்கு விளக்கணைப்பு. இடையில் இரவுக் காவல் முறை வரும்; தூக்கத்தை நடுவில் உடைத்துக்கொண்டு எழுந்து அறையைச் சுற்றி வர வேண்டும். காவலில் தூங்குவது எந்தப் பள்ளியிலும் மன்னிக்கப்படாது.

சாப்பாட்டு நேரம் சிறியது. பேசாமல் சாப்பிடுங்கள். தண்ணீரை நாள் முழுக்கப் பரவலாகக் குடிக்க வேண்டும். வெயிலில் பயந்துபோய் ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகும். ஒரு மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம், உணவைத் தவிர்க்கவும் வேண்டாம்.

டிரிலில் மயங்கி விழுகிறவர்கள் எல்லா அணியிலும் உண்டு. அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது. முழங்காலை இறுக்கிப் பூட்டாதீர்கள். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டுங்கள், கெண்டைச்சதையை இறுக்கி விடுங்கள். வெளியே தெரியாது, ரத்தம் மேலே ஏறும். பார்வை ஓரத்தில் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் மண்டியிடுங்கள்.

கயிறு

பௌலைன், ரீஃப், கிளவ் ஹிட்ச், ஷீட் பெண்ட், எட்டு வடிவ முடிச்சு, ஒரு முழுச் சுற்றும் இரண்டு அரை ஹிட்சும் என இந்த ஆறு போதும். கண்ணை மூடிப் போட வர வேண்டும்.

பௌலைன் இறுகாத வளையம் தரும். ஆளை இடுப்பில் கட்டித் தூக்கவும் பயன்படும் என்பதால் அதை முதலில் கற்றுக்கொடுப்பார்கள்.

1. நீளமான பகுதியில் ஒரு சின்னக் கண்ணி போடுங்கள். முனைப் பக்கக் கயிறு மேலே படிய வேண்டும்.
2. முனையைக் கண்ணிக்குள் கீழிருந்து மேலே விடுங்கள்.
3. நீளமான கயிற்றின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள்.
4. அதே கண்ணிக்குள் மேலிருந்து கீழே இறக்குங்கள்.
5. எல்லாப் பக்கமும் இழுத்து இறுக்குங்கள். முனை, கயிற்றின் விட்டத்தைப்போல் 12 மடங்காவது வெளியே மிஞ்ச வேண்டும்.

கண்ணியில் முனை கீழே போயிருந்தால் நான்காவது படியில் எல்லாம் அவிழ்ந்துவிடும், அதுவே எச்சரிக்கை. அவிழாமல் ஏமாற்றுவது ரீஃப் முடிச்சு. அது துணியையும் பொட்டலத்தையும் கட்டத்தான். சுமை தாங்கும் இரண்டு கயிறுகளை அதில் இணைத்தால் ஒரு பக்கம் இழுபட்டதும் புரண்டு வழுக்கிவிடும். அதற்கு ஷீட் பெண்ட் இருக்கிறது.

கப்பலைக் கரையில் கட்டும் வேலையில் ஆளைக் கொல்வது முடிச்சு அல்ல, அறுந்த கயிறு. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும். அறுந்தால் அப்படி நீண்டதில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் சவுக்கடியாகத் திரும்பி வரும். இழுபட்டு நிற்கும் கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதீர்கள். கயிற்றுச் சுருளுக்குள் கால் வைக்காதீர்கள்.

தீ: இங்கேதான் பயிற்சியின் மையம்

கடலில் தீயணைப்பு வண்டி வராது, ஓடிப்போக இடமும் கிடையாது. அதனால் சமையல்காரர், எழுத்தர் உட்பட எல்லோரும் தீயணைப்பாளர்கள். 1967 ஜூலை 29 அன்று டோங்கின் வளைகுடாவில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஃபாரஸ்டலில் ஒரு ராக்கெட் தவறிப் பாய்ந்து விமான எரிபொருள் பற்றிக்கொண்டது. தீப்பட்ட குண்டு வெடித்ததில், முன்னால் நின்ற பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழுவினர் பெரும்பாலும் மடிந்தார்கள். பிறகு ஹோஸை (தண்ணீர் பீய்ச்சும் குழாயை) தூக்கியவர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஒரு குழு தீயின் மேல் நுரையைப் போர்த்திக்கொண்டே வர, இன்னொரு குழு கடல்நீரைப் பீய்ச்சி அந்த நுரையைக் கழுவிவிட்டது. 134 பேர் இறந்தார்கள். ‘என் வேலை வேறு, எனக்கு ஏன் ஹோஸ்’ என்று கேட்கத் தோன்றினால் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

தீயைக் கண்டவர் செய்ய வேண்டியது:

1. ‘தீ, தீ, தீ’ என்று உரக்கக் கத்தி இடத்தைச் சொல்லுங்கள். இடம் சொல்லாத அலாரம் அரை அலாரம். அணைக்கப் போகும் முன் தகவல் போக வேண்டும்; நீங்கள் புகையில் விழுந்தாலும் கப்பலுக்குச் செய்தி தெரிந்திருக்கும்.
2. சிறிய தீயென்றால் பக்கத்துத் தீயணைப்புச் சிலிண்டரை எடுங்கள். மின்சாதனத்துக்கு கார்பன் டை ஆக்சைடு, எண்ணெய்க்கு நுரை, மரம் துணி காகிதத்துக்கு நீர். முதுகுப்பக்கம் வெளியேறும் வழி இருக்கும்படி நில்லுங்கள்.
3. ஒரு சிலிண்டரில் அடங்கவில்லையென்றால் வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். அந்த அறைக்கு மின்சாரமும் காற்றோட்டமும் துண்டிக்கப்பட வேண்டும்.
4. அறையின் ஆறு பக்கமும் குளிர்விக்கப்பட வேண்டும். எஃகுச் சுவர் வெப்பத்தைக் கடத்தும். தீ கதவு வழியாகப் பரவாவிட்டாலும், மறுபக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்த மெத்தை தானாகப் பற்றும். புதியவர்கள் நான்கு சுவரை எண்ணிவிட்டு மேல்தளத்தையும் தரையையும் மறந்துவிடுவார்கள்.
5. மூச்சுக் கருவி அணிந்த குழு ஹோஸோடு நுழையும். கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, தாழ்ந்து, பக்கவாட்டில் நின்று திறப்பார்கள்.

மூச்சுக் கருவியின் சிலிண்டரில் எழுதியிருக்கிற நிமிடத்தை நம்ப வேண்டாம். அது நிதானமாக மூச்சு விடுகிறவருக்கான கணக்கு. ஹோஸ் இழுத்துக்கொண்டு ஏணி இறங்கினால் வெகுசீக்கிரம் தீரும். எச்சரிக்கை விசில் ஊதிய பிறகு திரும்ப நினைத்தால் தாமதம். போக எவ்வளவு காற்று செலவானதோ, திரும்பவும் அவ்வளவு வேண்டும்.

தீயணைக்க ஊற்றிய நீர் அடுத்த பிரச்சினை. உயரமான தளத்தில் தேங்கிய நீர், கப்பல் சாயும்போது சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வை அதிகப்படுத்தும். 1942 பிப்ரவரியில் நியூயார்க்கில் துறையில் கட்டியிருந்த பெரும் பயணக் கப்பல் நார்மண்டி தீயில் அழியவில்லை. அணைக்க அடித்த நீரின் எடையால் ஒருக்களித்துச் சாய்ந்தது. ஆகவே ஊற்றுகிற கையோடு நீரை வெளியேற்றும் வேலையும் தொடங்க வேண்டும்.

ஓட்டையும் ஆப்பும்

சேதக் கட்டுப்பாட்டு வகுப்பில் ஒரு மாதிரி அறைக்குள் விட்டு, சுவர்களில் ஓட்டைகளைத் திறந்து, விளக்கை அணைத்துவிடுவார்கள். இடுப்பளவு நீரில் வேலை. நீர்மட்டத்துக்குக் கீழே 3 மீட்டரில் 10 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 2 டன் நீர் உள்ளே வரும். விட்டம் இரட்டித்தால் நீர் நான்கு மடங்கு. அந்த 10 செ.மீ. ஓட்டையில் நீரின் தள்ளுவிசை ஏறத்தாழ 24 கிலோ; ஒரு ஆள் மரச்செருகியைத் துணி சுற்றி அமுக்கிச் சுத்தியலால் அடித்து நிறுத்திவிடலாம். மென்மரம் நீரில் ஊறி உப்பிக்கொள்ளும். ஆனால் அதே ஆழத்தில் 30 செ.மீ. சதுரப் பலகையை ஓட்டைமேல் பொருத்தினால் அதைத் தள்ளும் விசை 270 கிலோவுக்கு மேல். கையால் முடியாது, முட்டுக் கொடுக்க வேண்டும்.

முட்டுக்கட்டையை அளந்த நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைத்து அறுங்கள். அந்த இடைவெளியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராக வைத்து மாறிமாறித் தட்டி இறுக்க வேண்டும். கட்டையின் நீளம் அதன் குறைந்தபட்சத் தடிமனைப்போல் 30 மடங்கைத் தாண்டக் கூடாது: 10 செ.மீ. கட்டை என்றால் 3 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் வளைந்து முறியும். உள்ளே வீங்கிய சுவரைப் பழையபடி தள்ளி நேராக்கப் பார்க்காதீர்கள். இருக்கிற நிலையில் தாங்கினால் போதும். ஓட்டையின் விளிம்பு உள்நோக்கிக் கிழிந்து சுருண்டிருந்தால் தட்டைப் பலகை படியாது, பெட்டி வடிவ மூடி வேண்டும். எல்லாம் முடிந்து எல்லோரும் போய்விட்டால் வேலை கெட்டது. கப்பல் அசைய அசைய ஆப்பு தளரும், ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

நீரில் விழுந்தால்

குளிர்ந்த நீருக்கு ஒரு கணக்கு உண்டு: 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சு திணறும், அப்போது நீந்தப் பார்க்காமல் மூச்சை அடக்கி ஆளுங்கள். அடுத்த 10 நிமிடம் கை விரல்கள் வேலை செய்யும்; கொக்கி மாட்டுவது, விசில் எடுப்பது எல்லாம் அதற்குள். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் இருந்தால் முழங்காலை மார்போடு அணைத்து அசையாமல் மிதப்பதே மேல், நீந்தினால் வெப்பம் போய்விடும்.

யாராவது விழுவதைப் பார்த்தால் கத்துங்கள், மிதவையை எறியுங்கள், கையை அவரை நோக்கி நீட்டுங்கள். அதன்பின் கையையும் கண்ணையும் அவரைவிட்டு எடுக்கவே கூடாது. அலையில் ஒரு தலை தேங்காய் அளவுதான். ஒருமுறை தவறவிட்டால் மீண்டும் பிடிப்பது அரிது. பாலத்தில் அவர் விழுந்த பக்கமே சுக்கானைத் திருப்புவார்கள், பின்பகுதியும் புரொப்பல்லரும் அவரைவிட்டு விலகும்.

கப்பலில்: வாட்ச், தூக்கம், தண்ணீர்

கப்பலின் நாள் வாட்ச்களாக, அதாவது முறைவைத்துப் பார்க்கும் பணி நேரங்களாக ஓடும். 0000–0400 மிடில், 0400–0800 மார்னிங், 0800–1200 ஃபோர்நூன், 1200–1600 ஆஃப்டர்நூன், 1600–1800 முதல் டாக், 1800–2000 கடைசி டாக், 2000–2400 ஃபர்ஸ்ட். மாலையில் மட்டும் இரண்டு மணி நேரமாக உடைத்ததால் எண்ணிக்கை ஏழாகிறது. ஒற்றைப்படை என்பதால் ஒருவருக்கே தினமும் நள்ளிரவு வாட்ச் விழாது, இரண்டு டாக் அணிகளும் மாலை உணவை முடித்துக்கொள்ளலாம். பழங்கால ஏற்பாடுதான், ஆனால் இதன் குறை தூக்கம் தினம் ஒரு நேரத்துக்கு நகர்வது. 2017இல் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற இரண்டு அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களோடு மோதியதில் 17 மாலுமிகள் இறந்தார்கள். விசாரணையில் களைப்பும் ஒரு காரணமாக வந்தது. அதன்பின் உடற்கடிகாரத்தை ஒட்டிய நிலையான வாட்ச் நேரங்களை அந்தக் கடற்படை கட்டாயமாக்கியது.

வாட்சுக்கு 15 நிமிடம் முன்பே போங்கள். இருட்டுக்குக் கண் பழக வேண்டும், முந்தையவர் சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும். வாட்ச் போக மீதி நேரம் ஓய்வு என்று நினைத்தால் ஏமாற்றம். பராமரிப்பு, துப்புரவு, ஒத்திகை எல்லாம் அதற்குள்தான். கிடைக்கிற 40 நிமிடத்திலும் தூங்கப் பழகிக்கொள்வது நல்லது.

படுக்கை மூன்றடுக்கு. கீழ்ப் படுக்கைக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். மேலே ஏறுகிறவர் மிதிப்பதும் அங்கேதான். நன்னீர் கடல்நீரிலிருந்து தயாராவதால் குளியல் இரண்டு நிமிடம்: நனைத்து நிறுத்து, சோப்பு போடு, திறந்து அலசு. 11 லிட்டரில் முடிந்துவிடும்.

கடல்மயக்கம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் வேறுவேறு சொல்வதால் வருவது. வீரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரையைப் புறப்படும் முன்பே போடுங்கள், வாந்தி தொடங்கினபின் அது உள்ளே தங்காது. கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் ஆட்டம் குறைவு. தொடுவானத்தைப் பாருங்கள், வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். ஏணியில் எப்போதும் ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உங்களுக்கு. செங்குத்தான படியில் ஏணியைப் பார்த்தபடியே இறங்குங்கள்.

கப்பலில் ஏறிய முதல் இரவு

பையை வைத்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

படுக்கையிலிருந்து மேல்தளத்துக்கு இரண்டு வழிகளைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் பார்த்தபடி நடந்து அடிகளை எண்ணுங்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தாழ் எங்கே என்று தொட்டுப் பாருங்கள். பிறகு ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டி, குனிந்து, ஒரு கை சுவரில் ஊர அதே வழியில் போங்கள். அவசரத் தப்பிப்புக்கான சிறு மூச்சுக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதில் சுமார் 10 முதல் 15 நிமிடக் காற்றுதான், தப்பிக்க மட்டும், தீயணைக்க அல்ல. கடந்துபோன நீர்புகாக் கதவுகளை எந்த நிலையில் கண்டீர்களோ அதே நிலையில் விட்டுச் செல்லுங்கள். கதவுகளில் எழுதியிருக்கிற எண்களையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: அமெரிக்க முறையில் 3-75-2 என்றால் மூன்றாம் தளம், 75வது சட்டம் (கப்பல் உடலின் குறுக்கே வரும் விலா எலும்பு போன்ற எஃகுச் சட்டம்), கடைசியில் இரட்டைப்படை எண் என்பதால் இடப்பக்கம். ஒற்றைப்படை என்றால் வலப்பக்கம், சுழியம் என்றால் நடுக்கோடு. ஒலிபெருக்கியில் தீ எங்கே என்று எண்ணாகத்தான் சொல்வார்கள்.